அளவுக் குவளை

அன்புள்ள மகளுக்கு,

குன்றாண்டார்கோவிலிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் ஒரு வரி இரண்டு நாளாக என்னைக் குடைகிறது. பேதியில் துவண்டு வந்த பெண்ணுக்கு "கிரியேட்டினின் 1.0, நார்மல்தான்" என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு நார்மல்?

நூறுநாள் வேலைக்குப் போகும் மெலிந்த உடம்பு. தசை குறைவு. நலமாயிருந்தபோது 0.6 இருந்திருக்கலாம். அப்படியானால் 1.0 என்பது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஏழு நாளுக்குள் அவ்வளவு ஏறினால், 2012-இல் வந்த கேடிகோ என்னும் சர்வதேச சிறுநீரக வழிகாட்டுக் குழுவின் வரையறைப்படி அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலும் அதுவே. அச்சடித்த எல்லையைப் பார்த்து ஆறுதல் கொள்ளாதே. கிரியேட்டினின் தாமதமாகத்தான் ஏறும். நாளைக்கும் ஒருமுறை எடுத்துப் பார்.

பெரும்பாலும் முந்திக்கொண்டு சொல்வது சிறுநீர். மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி என்று கணக்கு. நாற்பது கிலோ உடம்புக்கு ஆறு மணி நேரத்தில் 120 மில்லி, ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ். அதற்கும் குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல். "ஒண்ணுக்குப் போச்சா?" என்றால் "போச்சு" என்றுதான் பதில் வரும். எவ்வளவு, என்ன நிறம் என்று கேள்.

லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் நசுங்கியவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1941-இல் எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். மீட்டவுடன் தேறியதுபோல் இருந்தவர்களுக்குச் சிறுநீர் வற்றியது. சில நாளில் உயிர் போனது. சிறுநீரின் அளவும் நிறமும் பார்த்து எழுதிவைத்ததால் அந்தச் சிறுநீரகப் பாதிப்பு பரவலாகத் தெரியவந்தது.

உன் ஊர்ப்பக்கம் கடலைக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்து வருபவர்களிடமும் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார். கூடவே, இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வை. பிறகு சாய்த்துப் பார். உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்துக்குத் தாமதம் கூடாது. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்! சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நீர் வற்றிய உடம்புக்கு டைக்ளோஃபெனாக் வலி ஊசி போடவே போடாதே.

தடுக்கக்கூடிய திடீர் சிறுநீரகப் பாதிப்பால் 2025-க்குள் ஒருவரும் சாகக்கூடாது என்று சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் 2013-இல் இலக்கு வைத்தது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. நாளைக் காலை ஒவ்வொரு கட்டிலடியிலும் ஓர் அளவுக் குவளை வை, மகளே.

அன்புடன்,
உன் ஆசிரியர்