எந்தச் சீட்டைச் சொல்றீங்க அக்கா?



இந்த மாதப் பாடம் செம்பரம்பாக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் வந்த சின்னச் சண்டையிலிருந்து பிறந்தது. உள்கடன் கேட்டு ஒரு அக்கா எழுந்தார். "சீட்டுக்குப் பணம் கட்டணும், பதினைஞ்சாயிரம் வேணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் உடனே மறுத்தார். "சீட்டு கட்டறதுக்கெல்லாம் குழுவிலே கடன் கிடையாது. போன மாசம்தானே தீர்மானம் போட்டோம்?" என்றார். பேச்சு வளர்ந்தது. கேட்டவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எம் பொண்ணுக்கு காலேஜ்ல நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா வேற யாருக்காவது போயிடும்" என்று அவர் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் விஷயம் விளங்கியது.

கடனுக்கு அன்றைக்கே ஒப்புதல் ஆனது. நோக்கம் என்ற கட்டத்தில் ஊக்குநர் "சீட்டு" என்று எழுதப் போனார். "மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம்" என்று எழுதச் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை விஷயம் பேசுகிறோம்! அதில் எத்தனை இடத்தில் ஏமாந்திருக்கிறோம்! அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

காகிதத் துண்டுதான் மூலம்

சீட்டு என்றால் முதலில் எழுதின ஒரு சின்னக் காகிதம். அவ்வளவுதான். இந்தியிலே சிட்டி என்றால் கடிதம். அதிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு சிட் என்ற சொல் போனது. சிட் பண்ட் என்று கம்பெனிப் பலகையில் பார்க்கிறோமே, அந்த சிட்தான்.

காகிதம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இந்தச் சொல்லும் போனது. பஸ்ஸில் பயணச்சீட்டு. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, மருந்துச்சீட்டு. 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது நாம் ஒவ்வொருவரும் வாக்குச்சீட்டு நாலு வாங்கிக் குத்தினோம். திண்ணையில் ஆடுவது 52 சீட்டுள்ள கட்டு. லாட்டரிச் சீட்டை 1968-ல் தமிழ்நாடு அரசே நடத்த ஆரம்பித்தது. எத்தனையோ குடும்பங்கள் கூலிப் பணத்தை அதில் தொலைத்தன. 2003 ஜனவரியில் தமிழ்நாடு அரசு லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. கம்பெனி வேலைக்குப் போகும் நம்ம பிள்ளைகள் "அவன் சீட்டு கிழிஞ்சுது" என்றால், வேலை போச்சு என்று அர்த்தம்.

இதெல்லாம் ஒரே சொல் பல வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட கதை. ஆனால் காலேஜ் சீட்டு அப்படியில்லை. அது உட்காரும் இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நம்ம வாயில் சீட்டு ஆகிவிட்டது. இரண்டும் வேறு வேறு சொல், காதுக்கு மட்டும் ஒன்று. எல்லா ஊரிலும் இந்தக் குழப்பம் உண்டு. நம்ம வீட்டுப் பெண் குழந்தை "பார்பி வேணும்" என்றால் பொம்மை கேட்கிறாள். ஒரு அமெரிக்க அம்மா தன் மகள் பார்பராவின் பேரை வைத்து 1959-ல் சந்தைக்குக் கொண்டுவந்த பொம்மை அது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டிலே பார்பி, வாங்க" என்றால், வெட்டவெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறார். பார்பிக்யூ என்பதைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். பொம்மையை எதிர்பார்த்துப் போன குழந்தைக்கு ஏமாற்றம்தான், ஆனால் நஷ்டம் இல்லை. நம்ம சீட்டு விஷயத்தில் ஏமாந்தால் காசு போகும்.

பணம் கட்டும் சீட்டு எத்தனை வகை?

"சீட்டு கட்டறேன்" என்று நீங்கள் சொல்வது இந்த நாலில் எது என்று பாருங்கள்.

1. குலுக்கல் சீட்டு. தெரிந்தவர்கள் சேர்ந்து மாதம் ஒரே தொகை போடுவது. பேரை எழுதி, மடித்து, சொம்பில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பேர் வருகிறதோ அவருக்கு அந்த மாத வசூல். எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். இலங்கையில் நம்ம தமிழ்ப் பெண்கள் மட்டுமில்லை, சிங்களப் பெண்களும் இதைச் சீட்டு என்றே சொல்கிறார்கள்.

2. ஏலச்சீட்டு. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் தள்ளி எடுப்பது. கணக்கைப் பாருங்கள். 20 பேர், மாதம் ரூ.1,000, மொத்தம் ரூ.20,000. ஒருவர் ரூ.4,000 தள்ளி ரூ.16,000 எடுக்கிறார். நடத்துபவருக்கு 5 சதவீதக் கமிஷன் ரூ.1,000. மீதி ரூ.3,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ரூ.150. அதனால் அந்த மாதம் ஒவ்வொருவரும் ரூ.850 கட்டினால் போதும். இதில் ஆரம்பத்தில் எடுப்பவருக்கு அது கடன். அவர் தள்ளின தொகைதான் அவர் கொடுக்கும் வட்டி. கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஒரே சீட்டு, ஒருத்திக்குக் கடன், இன்னொருத்திக்குச் சேமிப்பு!

3. தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு, பாத்திரச் சீட்டு. மாதாமாதம் கட்டி முடிவில் பொருளாக வாங்குவது. இதில் சுற்றும் இல்லை, முறையும் இல்லை. உண்மையில் இது கடைக்கு நாம் கொடுக்கும் முன்பணம். நகைக்கடைகளில் ஏன் 11 மாதத் திட்டம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்கு மேல் ஒரு கம்பெனி வைத்திருந்தால் அது வைப்புத்தொகைக் கணக்கில் வந்துவிடும் என்று 2014-ஆம் வருட விதி சொல்கிறது. அதனால்தான் வருஷம் முடியும் முன்னே முடித்துக்கொள்கிறார்கள்.

4. பரிசுச் சீட்டு. "மாசம் 500 கட்டுங்க, குலுக்கலில் விழுந்தா வண்டி, அதுக்கு மேல கட்டவே வேணாம்" என்று சொல்வார்கள். விழுந்தவர் கட்டாமல் போனால் மீதிப் பேருக்குப் பொருள் எங்கிருந்து வரும்? புதிதாகச் சேருகிறவர் பணத்திலிருந்துதான். ஆள் சேருவது நின்றால் எல்லாம் நிற்கும். இது சீட்டு என்று பேர் வைத்த லாட்டரி.

சட்டத்திலும் ஒரே சொல்

இங்கேதான் கவனம் வேண்டும். ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் நடத்த வழி சொல்வது 1982-ஆம் வருட சீட்டு நிதிச் சட்டம். பரிசுச் சீட்டைத் தடை செய்வது 1978-ஆம் வருட இன்னொரு மத்திய சட்டம். ஆங்கிலத்தில் இரண்டு சட்டத்தின் பேரிலும் சிட் என்ற சொல் இருக்கிறது. ஒன்று அனுமதி, ஒன்று தடை! இந்தக் குழப்பத்தை நாடாளுமன்றமே உணர்ந்தது. 2019-ல் 1982-ஆம் வருடச் சட்டத்தைத் திருத்தியபோது, சீட்டு நிறுவனங்கள் சகோதரத்துவ நிதி என்ற பொருளில் வேறு பேரும் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். தடை செய்யப்பட்ட பரிசுச் சீட்டிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவே அந்த ஏற்பாடு.

மற்ற ஊர்களைப் பாருங்கள். கேரளாவில் அரசே 1969-ல் ஒரு நிறுவனம் தொடங்கி இன்றுவரை சிட்டி நடத்துகிறது. மலேசியாவில் இதே மாதிரி ஏற்பாட்டைக் கூட்டு என்பார்கள். அதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று அங்கே 1971-ல் சட்டம் வந்தது. ஆகவே சீட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. எந்தச் சீட்டு, யார் நடத்துகிறார், பதிவு உண்டா என்று கேட்க வேண்டும்.

பதிவு பெற்ற சீட்டில் நமக்கு என்ன பாதுகாப்பு?

• தொடங்கும் முன் அரசின் முன் அனுமதி வேண்டும். நம்ம மாநிலத்தில் பதிவுத்துறைதான் இதைக் கவனிக்கிறது.
• முழுச் சீட்டுத் தொகைக்கு நடத்துபவர் முன்கூட்டியே ஈடு கட்ட வேண்டும்.
• ஒப்பந்தத்தின் நகல் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தர வேண்டும்.
• கமிஷன் 2019 வரை அதிகபட்சம் 5 சதவீதம். அந்த வருடத் திருத்தத்தில் 7 சதவீதம் ஆனது. அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.
• சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்கு ஜாமீன் தர வேண்டும்.

நம்ம ஏரிக்கு 24 அடி என்று அளவு இருக்கிறது. எத்தனை அடி நிற்கிறது என்று அதிகாரி தினமும் பார்க்கிறார். பதிவும் அந்த அளவுகோல் மாதிரிதான். வெள்ளம் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் எவ்வளவு என்று கேட்க ஒரு இடம் இருக்கிறது. பதிவில்லாத சீட்டுக்கு அளவுகோலும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

என் அம்மாவின் தீபாவளிச் சீட்டு

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது என் அம்மா தெருவில் ஒருவரிடம் தீபாவளிச் சீட்டு கட்டினார். இட்லி மாவு விற்ற காசு. பதினோரு மாதம் தவறவில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அப்பாவிடம் சொல்லாமல் கட்டினதால் அம்மாவால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். "என்ன காட்டிக் கேக்கறது? கையிலே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே" என்றார் அம்மா. சீட்டு என்று பேர், ஆனால் சீட்டே இல்லை!

இன்றைக்கு இந்த மாதிரி நடந்தால் புகார் கொடுக்க வழி உண்டு. முதலீட்டாளர் பணத்தை மீட்க 1997-ல் தமிழ்நாடு ஒரு தனிச்சட்டம் போட்டது. முறைப்படுத்தாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-ல் வந்தது. காவல்துறையில் பொருளாதாரக் குற்றப் பிரிவு என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ரசீது இருக்கா?"

நம்ம குழுச் சேமிப்பு சீட்டா?

சில அக்காமார் குழுச் சேமிப்பையும் "குழுச் சீட்டு" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். "என் முறை எப்போ வரும்?" என்று கேட்கிறார்கள். சகோதரிகளே, குழுவில் முறை கிடையாது. தேவைதான் உண்டு. குழு பேரில் வங்கிக் கணக்கு, தீர்மானம், கையெழுத்து, பதிவேடு எல்லாம் இருக்கிறது. கடன் வாங்கினாலும் உங்கள் சேமிப்பு உங்கள் பேரில் அப்படியே இருக்கும். வட்டி வெளியே போகாமல் குழுவுக்கே வரும். 2019 மத்திய சட்டமும், அரசு வகுக்கும் வரம்புக்குள் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள் கட்டும் தொகையை வைப்புத்தொகைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறது. சட்டமே பிரித்துப் பார்க்கிறது. நாம் ஏன் ஒரே பேரில் போட்டுக் குழப்ப வேண்டும்? சேமிப்பைச் சேமிப்பு என்றே சொல்லுங்கள். குழுப் பணத்தை எடுத்துத் தனிச் சீட்டு சுற்றவும் வேண்டாம்.

சீட்டுக்கும் ஒரு சீட்டு

வெளியே சீட்டு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்ம பெண்கள் சீட்டு எடுத்துத்தான் பல வீட்டுக்குத் தளம் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். சொல்லின் பழைய அர்த்தத்தை மட்டும் மறக்க வேண்டாம். சீட்டு என்றால் எழுதின காகிதம். கட்டுகிற ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, கையெழுத்து போட்ட காகிதம் கையில் வாங்குங்கள். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் கட்டாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் குழுவில் யார் யார் வெளியே சீட்டு கட்டுகிறார்கள்? அது மேலே சொன்ன நாலில் எந்த வகை?
2. அதற்குப் பதிவு எண் உண்டா? ஒப்பந்த நகலும் ரசீதும் கையில் இருக்கிறதா? இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், எல்லாரும் சேர்ந்து படிப்போம்.
3. கடன் பதிவேட்டில் "சீட்டு" என்று நோக்கம் எழுதியிருந்தால், எந்தச் சீட்டு என்று கேட்டுத் திருத்தி எழுதுங்கள்.

அந்த அக்காவின் மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கடனும் தவணை தவறாமல் வருகிறது. அன்றைக்கு "எந்தச் சீட்டு?" என்று ஒருவர் முதலிலேயே கேட்டிருந்தால், அவர் கண்ணில் தண்ணீர் வந்திருக்காது. இனி நாம் கேட்போம்.

அன்புடன்,
உங்கள் களப் பொறுப்பாளர்