வேக்காட்டின் மீது விழுந்த பழி

சூளையிலிருந்து முழுமையாக வெளிவந்து, விரலால் சுண்டும்போது கணீரென்று ஒலித்து, விலைபோன மண்பாண்டம் சில வாரங்கள் கழித்துக் கடை அடுக்கிலேயே செதில் செதிலாகத் தெறிக்கத் தொடங்குமானால், அதற்கு வேக்காடு போதாமையே காரணம் என்று வாங்கியவரும் விற்றவரும் ஒருங்கே முடிவுகட்டிவிடுகின்றனர். வேக்காடு என்பது பச்சை மண் தீயில் வெந்து இறுகிய அளவைக் குறிக்கும் தொழிற்சொல். வேக்காடு குறைந்த பானை தண்ணீர் பட்டால் ஊறி உதிரும், தட்டினால் மந்தமாக ஒலிக்கும். ஆனால் கணீரென்று ஒலிக்கும் உடம்போடு இருந்துகொண்டே ஆங்காங்கே செதிலாகத் தெறிக்காது. இந்த வேறுபாட்டை அறியாதவர்களின் தீர்ப்பை நம்பித் தீயைக் கூட்டும் சூளைக்காரர் முதல் நட்டத்தோடு இரண்டாவது நட்டத்தையும் தாமே தேடிக்கொள்கிறார்.

தெறித்த இடத்தைக் கூர்ந்து நோக்கினால் உண்மை விளங்கும். புளியங்கொட்டை அளவுள்ள ஒரு செதில் விழுந்த இடத்தில், வாய் அகன்று அடி குறுகிய சிறு குழி தெரியும். அக்குழியின் அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, வெண்மையான ஒரு புள்ளி பதிந்திருக்கும். புதிதாகத் தெறித்த குழியிலிருந்து அப்புள்ளியை ஊசி முனையால் பெயர்த்தெடுத்து, அதன்மேல் மஞ்சள் கரைத்த நீரை ஒரு சொட்டு விட்டால் உடனே சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் நீர் சிவப்பதும் இதே வினையால்தான். ஏனெனில் குழியில் இருப்பதும் அதே சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பு பானைக்குள் வந்த வழி எளிமையானது. மழை குறைந்த கரிசல் வட்டாரங்களில் மேல்மண்ணின் சுண்ணச்சத்து நீரோடு கீழிறங்கி, ஆழத்தில் சிறு முடிச்சுகளாக இறுகிக் கிடக்கிறது. இம்முடிச்சுகளைச் சுக்கான்கல் என்பர். வேதியியல் முறையில் கூறினால் இது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய தீயில் இது கரியமில வாயுவை இழக்கத் தொடங்கி, 900 டிகிரியை நெருங்கும்போது முற்றிலும் சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கால்சியம் ஆக்சைடாக, மாறிவிடுகிறது. சூளை ஆறிய பின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அது நீற்றுச் சுண்ணாம்பாகிறது; அவ்வாறு நீறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வெந்து இறுகிய மண்ணுக்குள் விரிய இடமில்லாமையால், அது தன்மேல் உள்ள மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறுகிறது. கோடையில் சுட்ட பானை மழைக்காலம் தொடங்கியதும் தெறிப்பதும், ஒரே சூளையின் சரக்கு உலர்ந்த ஊரில் நலமாயிருந்து கடற்கரை நகரத்தில் கெடுவதும் இதனால்தான்.

இக்கட்டுரையாளரின் சூளையில் நேர்ந்ததும் இதுவே. நகரத்து வணிகர் ஒருவர் பெருந்தொகையான பூந்தொட்டிகளுக்கும் தண்ணீர்ப் பானைகளுக்கும் கேட்பு கொடுத்து, சரக்கைப் பெற்றுக்கொண்டு, சில வாரங்களில் தெறித்த தொட்டிகளின் படங்களை அனுப்பினார். வேக்காடு போதவில்லை, அடுத்த சூளையில் தீயைக் கூட்டாவிட்டால் மீதிப் பணம் கிடையாது என்பது அவர் விதித்த கட்டளை. மண்ணைச் சோதிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அவர் செவிசாய்க்கவில்லை. முதல் சூளை மங்கிய செந்நிறத் தீயில், ஏறத்தாழ 700 டிகிரி அளவில், சுடப்பட்டிருந்தது. அந்த வெப்பத்தில் பெரிய சுக்கான் முடிச்சுகளின் மேலோடு மட்டுமே வெந்து, உட்பகுதி கல்லாகவே நின்றிருந்ததால் தெறிப்பு அளவோடு இருந்தது. இரண்டாம் சூளையில் அவர் சொற்படி விறகு கூட்டப்பட்டு, பானைகள் செம்மஞ்சளாக ஒளிரும் வரை தீ வைக்கப்பட்டது. மண்ணுக்குள் இருந்த அத்தனை சுக்கானும் உள்வரை வெந்து சுண்ணாம்பாயிற்று. பானைச் சூளை சுண்ணாம்புக் காளவாயின் வேலையைச் செய்து முடித்தது. முதல் சூளையில் ஆங்காங்கே ஒன்றிரண்டாகத் தெறித்தவை, இரண்டாம் சூளையில் அடுக்கடுக்காகத் தெறித்தன. கூடுதல் விறகின் விலை, இரட்டைக் கூலி, திரும்பி வந்த சரக்கின் வண்டி வாடகை ஆகிய மூன்றும் சூளையின் தலையிலேயே விழுந்தன. கட்டளையிட்டவர் ஒரு காசும் ஏற்கவில்லை.

தீயைக் கூட்டித் தப்பிக்கும் வழி ஒன்று உண்டென்று சிலர் வாதிடுவர். கல்பாண்டம் எனப்படும், 1200 டிகிரிக்கு மேல் சுடப்படும் மெருகிட்ட பாண்டத்தில் நுண்ணிய சுண்ணாம்பு மணற்சத்தோடு உருகிக் கலந்து அடங்கிவிடும் என்பது உண்மைதான். 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வளர்த்த மரபு அத்தகைய உயர்வெப்பச் சூளையைச் சார்ந்தது. ஆனால் ஏரிக் களிமண் அந்த வெப்பத்தை எட்டுமுன்பே தளர்ந்து கோணிவிடும். கல்பாண்டத்துக்கு எழுதப்பட்ட அறிவுரையை ஊர்ச் சூளைக்குப் பொருத்துவது வீண் வேலை.

மண் எங்கே கெட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையால் மண் வெட்டிய காலத்தில் குயவர் ஏரியின் மேற்படிவான வண்டலையும் கரம்பையையும் மட்டுமே, அதுவும் தாம் அறிந்த இடத்திலிருந்தே, கூடையில் அள்ளினர். பொக்லைன் இயந்திரம் ஒரே வாரலில் மேற்படிவையும் அடியில் கிடக்கும் சுக்கான் படிவையும் சேர்த்து அள்ளி லாரியில் கொட்டுகிறது. தமிழ்நாட்டில் 2024இல் ஏரி, குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் ஏற்பாடு வந்தது. அது குயவருக்கு நன்மையே. எனினும் அனுமதிச் சீட்டோடு நேரில் சென்று, எந்த ஆழம் வரை வெட்ட வேண்டும் என்று நின்று காட்டாமல், மண்ணை லாரிக்காரரின் பொறுப்பில் விடுபவர் சுக்கானையும் சேர்த்தே வாங்குகிறார். மண் அரைக்கும் இயந்திரம் இதைத் தீர்க்கும் என்று விற்பவர்கள் கூறுவதும் பிழை. அவ்வியந்திரம் கையால் பொறுக்கியிருக்கக்கூடிய ஒரு பெரிய முடிச்சைக் கண்ணுக்குப் படாத பல நடுத்தரத் துண்டுகளாக உடைத்து, மண் முழுதும் பரப்பிவிடுகிறது.

மண்ணை மிதித்தல், சக்கரத்தில் வனைதல், தட்டுப்பலகையால் தட்டி அடி மூட்டுதல், நிழலில் உலர்த்துதல், காவி பூசுதல், வைக்கோலும் விறகும் இட்டுச் சூளை அடுக்குதல் ஆகியவற்றை இதைப் படிப்பவர்கள் கைப்பழக்கமாக அறிவர். அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது சோதனையைப் பற்றித்தான்.

புதிய மண் வந்து இறங்கியதும், குவியலின் பல இடங்களிலிருந்து பிடி மண் எடுத்து உலர்த்தி, கழிவறை கழுவ விற்கப்படும் அமிலத்தை மிகுந்த நீரில் நீர்த்துச் சில சொட்டுகள் விட வேண்டும். பரவலான மெல்லிய நுரை நுண்சுண்ணாம்பைக் காட்டும், அதனால் கேடு மிகக் குறைவு. ஓரிடத்தில் மட்டும் பொங்கும் நுரையே அஞ்சத்தக்கது, அங்கே முடிச்சு இருக்கிறது. அடுத்து, அதே மண்ணில் உள்ளங்கை அளவு வில்லைகள் சிலவற்றைத் தட்டி, நடப்புச் சூளை ஒன்றின் நடுவில் வைத்துச் சுட்டு, ஆறிய பின் பழைய இட்லிக் கொப்பரை ஒன்றில் மூன்று மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும். பல வாரங்களில் காற்றின் ஈரம் செய்வதை ஆவி விரைந்து செய்துவிடும். தெறிக்கிற வில்லை அந்த லாரி மண்ணைத் திருப்பி அனுப்பப் போதுமான சான்று.

திருப்பி அனுப்ப முடியாத மண்ணை நீர்த்தொட்டியில் ஊறவைத்துக் கூழாக்கி, அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையில்லாத சல்லடையில் வடிக்க வேண்டும். அதைவிடச் சிறிய சுண்ணாம்புத் துகள் நீறினாலும் மண்ணைப் பெயர்க்கும் வலு அதற்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. வடித்த மண்ணில் பருமணலும் போய்விடுவதால், சலித்த ஆற்றுமணலை மீண்டும் சேர்க்காவிட்டால் பானை உலரும்போதே வெடிக்கும். கடல்மணலைச் சேர்ப்பவர் கிளிஞ்சல் வழியாகச் சுண்ணாம்பைத் திரும்பக் கொண்டுவருகிறார். வடிக்கவே வசதியில்லாத இடத்தில் உப்பு உதவும். பப்புவாவின் தென்கரையில் மோட்டு இனப் பெண்கள் களிமண்ணைக் கடல்நீர் விட்டுப் பிசைவதை ஆராய்ந்த ஓவன் ரை, உப்பு சுண்ணாம்புத் தெறிப்பைத் தடுப்பதை 1976இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். உலர்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை சமையல் உப்பை நீரில் கரைத்துச் சேர்க்கலாம். பானையின் மேல் வெளிறிய படிவு தோன்றிச் செந்நிறம் மங்கும். மின்சூளை வைத்திருப்போர், உப்பின் புகை சூடேற்றும் கம்பிகளை அரிக்கும் என்பதால், இதைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்கெனவே சுட்டுவிட்ட சரக்கில் சுக்கான் உண்டென்று தெரிந்தால், சூளை பிரித்த அன்றே, இளஞ்சூடு இருக்கும்போது, பானைகளை நீரில் முழுக அமிழ்த்தி ஊறவைக்க வேண்டும். முடிச்சின் சுண்ணாம்பு மிகுந்த நீரில் விரைந்து நீறிக் குழைவதால் சேதம் ஓரளவு குறையும். குறையாமல் தெறிப்பவை வாங்கியவர் வீட்டில் தெறிக்காமல் சூளையடியிலேயே தெறிக்கும்.

வடித்த மண்ணில் செய்த பானைக்குக் கூலியும் நாளும் கூடுதலாகச் செலவாகின்றன என்பதால் விலை ஏறியே தீரும். மேற்குறித்த வணிகர் பின்னர் அதே அளவுகளில், வடித்த மண்ணிலேயே, ஆனால் பழைய விலைக்கே தொட்டிகள் வேண்டும் என்று கேட்டு வந்தார். மஞ்சள் நீர்ச் சோதனையைக் கண்ணெதிரே செய்து காட்டிய பிறகும், முதல் சரக்கின் நட்டத்தில் பாதியைக்கூட ஏற்க அவர் இணங்கவில்லை. அவருக்குச் சரக்கு கொடுப்பதில்லை என்று எடுத்த முடிவால் அந்த ஆண்டின் வருமானம் குறைந்தது உண்மை. எனினும் எவ்வளவு தீ வைப்பது என்பதைப் பணம் கொடுப்பவர் தீர்மானிக்கும் சூளையை நடத்துவதைவிட, சில மாதங்கள் சிறு சூளையாக அடுக்கி உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் விற்றது சரியான முடிவே. இப்போது வரும் கேட்புகளில், சுட்ட வில்லை ஒன்றை ஆவியில் வைத்துக் காட்டி வாங்குபவரின் கையொப்பம் பெற்ற பிறகே முன்பணம் வாங்கப்படுகிறது. தீயின் அளவைப் பற்றிய பேச்சு அக்கேட்புத்தாளில் இடம்பெறுவதில்லை.