இல்லத்தில் திரைச்சுருள் காத்தல்

விருத்தாசலத்துச் சூளையில் வெந்த பீங்கான் வெப்பத்தால் உறுதி பெறுகிறது. திரைச்சுருளோ வெப்பத்தால் உருக்குலைகிறது. இவ்வேறுபாட்டை நாம் உணரத் தவறினோம். ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கிய பிழையையே மீண்டும் செய்தோம். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ ஒரு படியும் எஞ்சாது மறைந்தது. புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிற்று. எனினும் நம் வீட்டுப் பரண்களில் உறங்கும் சுருள்களை நாமே காத்தல் வேண்டும்.

1950களின் தொடக்கம் வரை வழங்கிய 35 மி.மீ. சுருள்களுட் பல நைட்ரேட்டால் ஆனவை. பற்றிய தீ நீராலும் அணையாது. அவற்றை வீட்டில் வைத்தலாகாது. காப்பகத்தாருக்கு அறிவித்தலே முறை. 8, 16 மி.மீ. சுருள்கள் பெரும்பாலும் அசிடேட்டால் ஆனவை. வெப்பமும் ஈரமும் கூடின், அவை அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், காடி நெடி வீசும், சுருங்கி நெளியும். அக்கேடு அருகிலுள்ள சுருளையும் தொற்றும். ஆதலின் நெடியுள்ளதைத் தனியே பிரித்தல் வேண்டும்.

மொட்டைமாடியின் கீழுள்ள பரண் ஆகாது. தரைத்தளத்தின் உலர்ந்த உள்ளறையே நன்று. துருவேறிய டப்பாவை மாற்றுக. சுருளை விளிம்பில் மட்டும் தொடுக. கணினிப் படி எடுத்த பின்னரும் மூலத்தை எறியற்க.

மறைந்த மூத்தோரின் நடையும் நகையும் அச்சுருளிலன்றி வேறெங்குள? இல்லந்தோறும் பெரியோர் இன்றே பரணை நோக்குவாராக.