குழாயின் பலம் இணைப்பில் உள்ளது

ஓர் ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டது என்றால் நம் கண்ணில் படுபவை இரண்டே. ஒன்று, ஊரின் மேட்டுப் பகுதியில் உயர்ந்து நிற்கும் நீர்த்தேக்கத் தொட்டி. மற்றொன்று, வீட்டு வாசலிலோ தெருமுனையிலோ உள்ள குழாய். இவ்விரண்டுக்கும் இடையே மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் குழாய்த் தொடரைப் பற்றி நாம் அதிகமாக எண்ணுவதில்லை. அத்தொடரிலும், ஒரு குழாயை மற்றொரு குழாயுடன் சேர்க்கும் இணைப்புகளைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும், திட்டம் பல ஆண்டுகள் நிலைத்துப் பயன் தருமா, விரைவிலேயே பழுதடையுமா என்பதைப் பெரும்பாலும் அந்தச் சிறு இணைப்புகளே முடிவு செய்கின்றன.

பி.வி.சி. குழாயும் இரும்புக் குழாயும் வழக்கமாக 6 மீட்டர் நீளமுள்ளவையாகக் கிடைக்கின்றன. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 167 குழாய்கள் வேண்டும். அவற்றைச் சேர்க்க 166 இணைப்புகள் வேண்டும். மூன்று கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 500 இணைப்புகள். வளைவுகள், கிளைகள், வால்வுகள், வீட்டு இணைப்புகள் ஆகியன இக்கணக்கில் சேரா. குழாய், ஆலையில் இயந்திரத்தால் செய்யப்பட்டுச் சோதனைக்குப் பின் வெளிவருகிறது. இணைப்போ நம் ஊர்ப் பள்ளத்தில், சேற்றிலும் வெயிலிலும், கைவேலையாகச் செய்யப்படுகிறது. ஆகவே குறை நேரக்கூடிய இடம் பெரும்பாலும் குழாயன்று, இணைப்பே.

கசிவினால் நேரும் இரு கேடுகள்

ஓர் இணைப்பிலிருந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் கசிவதாகக் கொள்வோம். இது பெரிய கசிவன்று. மண் அதனை உறிஞ்சிக்கொண்டால் மேலே ஈரங்கூடத் தெரியாது. குழாயில் நாள் முழுவதும் நீர் இருக்குமானால், இவ்வொரு கசிவினால் மட்டும் நாளொன்றுக்கு 1,440 லிட்டர் நீர் வீணாகும். 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம், கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் அளவை வகுத்தது. அக்கணக்கின்படி, 26 பேருக்கு உரிய நீரை அந்த ஓர் இணைப்பே விழுங்கிவிடுகிறது. அந்நீரை மேலே ஏற்றச் செலவான மின்சாரமும் அதனோடு மண்ணுக்குள் போகிறது.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. நம் கிராமங்களில் பலவற்றில் குழாயில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமும் வருகிறது. நீர் வரும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால், கசிவின் வழியாக நீர் வெளியே போகிறது. நீரை நிறுத்தியதும் குழாயிலுள்ள நீர் தாழ்ந்த இடங்களுக்கு இறங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயைச் சுற்றித் தேங்கியுள்ள நீர் அதே துளையின் வழியாக உள்ளே புகுகிறது. பக்கத்தில் சாக்கடை ஓடினால், உள்ளே புகுவது சாக்கடை நீரே. சிலர் வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுகின்றனர். அவ்வாறு உறிஞ்சும்போது அழுக்கு நீர் இன்னும் விரைவாக இழுக்கப்படுகிறது. தொட்டியில் குளோரின் கலந்து தூய்மை செய்த நீர், வீட்டை அடையுமுன் கெட்டுவிடுகிறது. வயிற்றுப்போக்கும், டைபாய்டும், மஞ்சள் காமாலையும் இவ்வழியாகப் பரவக்கூடியவை. இவற்றால் முதலில் துன்புறுவோர் குழந்தைகளே. ஆதலால் இணைப்பைப் பற்றிய அக்கறை, சிக்கனம் பற்றிய அக்கறை மட்டுமன்று. ஊரின் உடல்நலம் பற்றிய அக்கறையும் ஆகும்.

இணைப்பு செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

நல்ல இணைப்பு ஒன்று மூன்று வேலைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நீர் கசியாமல் தடுத்தல். இரண்டாவது, நீரின் அழுத்தத்தால் குழாய்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொள்ளுதல். மூன்றாவது, வெப்பத்தாலும் மண் அமிழ்வதாலும் குழாய் சிறிது நீளவும் அசையவும் இடங்கொடுத்தல். ஒவ்வோர் இணைப்பும் இம்மூன்றையும் செய்துவிடும் என்று எண்ணலாகாது. எந்த இணைப்பு எவ்வேலையைச் செய்யும், எதனைச் செய்யாது என்று அறிந்து, விட்டுப்போனதற்கு வேறு ஏற்பாடு செய்வதே இத்தொழிலின் சாரம்.

மரை இணைப்பு: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் மரை வெட்டி, கப்ளிங் என்னும் வளையத்தால் சேர்க்கிறோம். இது குழாய்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் அசைய இடங்கொடாது. மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு அவ்விடத்தில் நீங்கிவிடுவதால், துரு அங்கேதான் முதலில் பிடிக்கிறது. மரையின் மேல் டெஃப்லான் நாடாவைச் சுற்றி இறுக்கிய பின், வெளியே தெரியும் மரைகளுக்குத் துருத்தடுப்பு வண்ணம் பூசுதல் நலம். நீண்ட தொடரின் இடையே ஆங்காங்கே யூனியன் ஒன்றை வைத்தால், பழுது நேரும்போது முழுத் தொடரையும் கழற்ற வேண்டியிராது.

பசை இணைப்பும் ரப்பர் வளைய இணைப்பும்: பி.வி.சி. குழாய்களில் சிறிய அளவுள்ளவற்றைச் சொலுசன் என்று நாம் அழைக்கும் பசையால் ஒட்டுகிறோம். முனைகள் உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும். ஒட்டிய உடனே நீரைத் திறந்துவிடலாகாது. ஒரு நாள் காத்திருத்தல் நன்று. பெரிய குழாய்களில் அகன்ற வாய்க்குள் ரப்பர் வளையம் ஒன்றை அமைத்து, அடுத்த குழாயின் முனையை அதனுள் தள்ளுகிறோம். இவ்விணைப்பு கசிவைத் தடுக்கும்; அசையவும் இடங்கொடுக்கும். ஆனால் குழாய்கள் விலகுவதைத் தடுக்காது. முனையை நெருப்பில் காட்டி, இளக்கி அகலமாக்கி, அடுத்த குழாயைச் செருகும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதனால் குழாயின் சுவர் மெலிந்து பலம் குன்றுகிறது. இதனை அறவே விலக்க வேண்டும்.

இறுக்கு இணைப்பு: எச்.டி.பி.இ. எனப்படும் கருங்குழாயை எந்தப் பசையாலும் ஒட்ட இயலாது. இதனை இயந்திரத்தால் சூடேற்றி உருக்கி இணைக்க வேண்டும். அன்றேல் இறுக்கு இணைப்பியைப் பயன்படுத்த வேண்டும். இவ்விணைப்பியின் உள்ளே ஒரு ரப்பர் வளையமும், பற்களுள்ள பிளவு வளையம் ஒன்றும் உள்ளன. வெளியே உள்ள நட்டைத் திருகினால் பற்கள் குழாயைக் கவ்விக்கொள்கின்றன. ரப்பர் வளையம் நீரைத் தடுக்கிறது. பல் வளையம் குழாயைப் பிடிக்கிறது. மின்சாரமோ பெரிய இயந்திரமோ தேவையில்லாததால், கிராமத்திலேயே இவ்வேலையைச் செய்து முடிக்கலாம். வேண்டும்போது கழற்றி மீண்டும் பொருத்தலாம்.

பிளாஞ்சு இணைப்பு: பம்பு, வால்வு, நீர்மானி ஆகியவற்றை அவ்வப்போது கழற்ற வேண்டியிருப்பதால், அங்கெல்லாம் இரு தட்டுகளுக்கிடையே ரப்பர் வாஷர் வைத்துப் போல்ட்டுகளால் இறுக்குகிறோம். போல்ட்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக முழுவதும் இறுக்கினால் வாஷர் ஒரு பக்கமாக நசுங்கும். எதிரெதிரே உள்ளவற்றை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை.

விரைவு இணைப்பு: தெளிப்பு நீர்ப் பாசனத்தில் குழாயை ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதற்காகக் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள இணைப்பி உதவுகிறது. நீரின் அழுத்தமே இவ்வளையத்தை விரித்து வாயை அடைக்கிறது. வளையத்தில் மணல் புகுந்தால் கசிவு தொடங்கும். ஆகவே இடம் மாற்றும்போதெல்லாம் வளையத்தைக் கழுவிப் பொருத்த வேண்டும். கோடையில் குழாயை அடுக்கி வைக்கும்போது வளையங்களைக் கழற்றி நிழலில் வைக்க வேண்டும்.

இறுக்கு இணைப்பைப் பொருத்தும் முறை

வீட்டு இணைப்புகளிலும் தோட்டங்களிலும் இறுக்கு இணைப்பி மிகுதியாகப் பயன்படுவதால், அதனைப் பொருத்தும் முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம்.

1. குழாயைச் சாய்வின்றி நேராக வெட்டுக. முனையின் பிசிறுகளைச் சீவி, வெளி விளிம்பைச் சற்றுச் சரிவாக்குக. கூரிய விளிம்பு ரப்பர் வளையத்தை அறுத்துவிடும்.

2. சுருளாக வந்த குழாயின் முனை நீள்வட்டமாக நசுங்கியிருந்தால், முதலில் அதனை வட்டமாக்குக.

3. இணைப்பியினுள் குழாய் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதை அளந்து, குழாயின் மேல் கோடிடுக.

4. முனையைச் சோப்பு நீரால் நனைக்க. கிரீசும் எண்ணெயும் ரப்பரைக் கெடுப்பவை, அவற்றைத் தடவலாகாது.

5. நட்டைத் தளர்த்திக் குழாயை உள்ளே தள்ளுக. முதலில் சிறிது எதிர்ப்புத் தோன்றும். அது ரப்பர் வளையத்தின் எதிர்ப்பு. அதனைக் கடந்து, கோடு மறையும்வரை தள்ளுதல் வேண்டும். பாதியில் நிறுத்திய இணைப்பு முதல் நாளில் கசியாமல் இருந்து, பின்னர் கழன்றுவிடக்கூடும்.

6. பிறகு நட்டை இறுக்குக.

கருங்குழாய் வெயிலில் மிகவும் நீளும் தன்மையது. 100 மீட்டர் குழாய், 20 டிகிரி வெப்பம் குறையும்போது 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை சுருங்கும். நடுப்பகலில் இழுத்துப் பொருத்திய குழாய், இரவில் சுருங்கி இணைப்பைப் பறிக்கும். ஆகவே பள்ளத்தில் குழாயைச் சற்று வளைந்து வளைந்து கிடக்குமாறு இட்டு, காலைக் குளிர்ச்சியில் இணைப்பதே சிறந்தது.

வளைவுகளில் தாங்கு கட்டை

நீர் 10 மீட்டர் உயரம் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் உண்டாகும். தொட்டிக்கு நீரேற்றும் குழாயில் இது 4 கிலோவாக இருப்பதாகக் கொள்வோம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். ஆகவே மூடிய முனையை நீர் 300 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் தள்ளுகிறது. இது நான்கு மூட்டை நெல்லின் கனம். செங்கோண வளைவில் இவ்விசை 440 கிலோ வரை ஆகிறது. ரப்பர் வளைய இணைப்பு இதனைத் தாங்காது. எனவே வளைவு, கிளை, மூடிய முனை ஆகிய இடங்களில் கான்கிரீட்டால் தாங்கு கட்டை அமைத்து, அதனைத் தோண்டப்படாத கெட்டி மண்ணில் அணைத்து நிறுத்த வேண்டும். இதனை வீண் செலவென்று விட்டுவிட்டால், மோட்டார் ஓடும்போது வளைவு கழன்று, பள்ளத்தை மீண்டும் தோண்ட நேரிடும்.

பழுது பார்த்தல்

கசிவு கண்ட இடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது நம் ஊர்களில் பழகிப்போன வழி. அது அன்றைய அவசரத்துக்கு உதவலாம். அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிடலாகாது. இரு பாதிகளாக வந்து போல்ட்டுகளால் இறுகும் பழுதுநீக்கு கிளாம்பு கடைகளில் கிடைக்கிறது. அதன் உட்புறம் உள்ள ரப்பர் விரிப்பு, விரிசலை மூடிக்கொள்ளும். வீட்டு இணைப்புக்காகப் பெருங்குழாயில் காய்ச்சிய கம்பியால் துளையிடுவதும் தவறு. சேடில் கிளாம்பைப் பொருத்தி, உரிய துளைக்கருவியால் துளையிட வேண்டும்.

பள்ளத்தை மூடுமுன்

பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளுள் குடிநீரையும் சிறு பாசனத்தையும் சேர்த்துள்ளது. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்த பொறுப்பு இது. பொறியாளர் வேலையை மேற்பார்வையிடுவார் என்பது உண்மையே. ஆயினும், பள்ளத்தருகே நின்று கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய உறுப்பினர் எவருக்கும் பொறியியல் படிப்புத் தேவையில்லை.

குழாயிலும் இணைப்பியிலும் ஐ.எஸ். தரக்குறி உள்ளதா? பி.வி.சி. குழாய்க்கு 4985, எச்.டி.பி.இ. குழாய்க்கு 4984, ஜி.ஐ. குழாய்க்கு 1239 என்பவை தர எண்களாகும். பள்ளத்தின் அடியில் கல்லின்றி மணலோ மென்மண்ணோ பரப்பப்பட்டுள்ளதா? சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பு ஏதும் அமையாமல், முழுக்குழாயாக, உறைக்குழாயின் வழியே செல்கிறதா? வளைவுகளில் தாங்கு கட்டை உண்டா?

எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தச் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும். குழாயின் நடுப்பகுதியை மட்டும் மண்ணிட்டு மூடி, இணைப்புகளைத் திறந்தே வைத்து, தாழ்ந்த முனையிலிருந்து மெதுவாக நீரை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பின்னர் வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தை ஏற்றி, ஒவ்வோர் இணைப்பையும் நடந்து பார்க்க வேண்டும். அன்று கண்ட கசிவை நட்டைத் திருகியே சரிசெய்துவிடலாம். மண்ணை மூடிச் சாலையும் போட்ட பிறகு கண்ட கசிவுக்குச் சாலையையே உடைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், வால்வுகளும் கிளைகளும் எங்கெங்கே உள்ளன என்பதைச் சுவரையும் மின்கம்பத்தையும் அடையாளமாக வைத்து அளந்து, வரைபடமாக ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஊரில் உள்ள குழாய் அளவுகளுக்கேற்ற கிளாம்பு இரண்டும், இறுக்கு இணைப்பி இரண்டும், ரப்பர் வளையங்கள் சிலவும் கையிருப்பில் இருந்தால், தொட்டி இயக்குபவர் கசிவு கண்ட அன்றே அதனைச் சரிசெய்துவிடலாம். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உலக நீர் நாளாகிய மார்ச் 22ஆம் நாளும் கிராம சபை கூடும் நாளாக அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டில் எத்தனை கசிவுகள் கண்டோம், எத்தனை நாளில் சரிசெய்தோம் என்னும் கணக்கை அச்சபையில் படிப்பதைவிடப் பொருத்தமான செயல் வேறில்லை.

மண்ணுக்குள் மறையப்போகும் வேலை என்பதால் அதனை எப்படியும் செய்யலாம் என்ற எண்ணம் நம்மிடம் நுழைய இடங்கொடுக்கலாகாது. மறையப்போகும் வேலையே மூடுமுன் நன்கு பார்க்கப்பட வேண்டிய வேலை. ஒரு ரப்பர் வளையத்தின் விலை சிறிது. அது சரியாக அமர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆகும் நேரமும் சிறிது. அச்சிறு கவனத்தினால் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழந்தைக்கும் தூய நீர் கிடைக்குமெனில், அதனைச் செய்ய நாம் ஒருபோதும் தயங்கலாகாது.