புதிய இசைக்குழுக்களை அறியும் முறை

மேனாட்டு ராக் இசையையும் நடன இசையையும் ஒன்றாய்க் குழைத்துப் பாடும் புதிய இசைக்குழுக்களை நம் மாணவர் ஆவலுடன் தேடி வருகின்றனர். தேடுதல் நன்றே, தேடும் வகையறிதல் அதனினும் நன்று. ஆதலின் அதனைக் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இவ்விரண்டின் வேற்றுமையை உணர்தல் வேண்டும். ராக் இசை கிதாரையும், பாடுவோனது உள்ளக் கிளர்ச்சியையும் நிலைக்களமாகக் கொண்டது. அதன் தாளத்தில் நான்கு எண்ணிக்கையுள் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கியொலிக்கும். நடன இசையிலோ பெருமுரசு ஒவ்வோர் எண்ணிக்கையிலும் தவறாது விழும். கேட்போர் கால் தானே எழும். இங்கிலாந்திலே, மான்செஸ்டர் நகரத்து ராக் குழுவொன்று 1980-ஆம் ஆண்டில் தன் பாடகரை இழந்து, எஞ்சியோரால் 'நியூ ஆர்டர்' என்னும் பெயருடன் மீண்டும் தோன்றிற்று. 1983-இல் அக்குழு வெளியிட்ட 'ப்ளூ மண்டே' என்னும் பாட்டில் இயந்திர முரசும் கிதாரும் ஒருங்கியைந்தன. துயரமும் ஆட்டமும் ஓரிடத்தே நிற்றல் கூடுமென உலகம் கண்டது.

துயரத்தினின்று ஆட்டத்தை எழுப்பும் இவ்வித்தை நமக்குப் புதியதோ? அன்று. வடசென்னையின் எளிய மக்களிடையே, விசேடமாய்ச் சாவு வீடுகளில், வளர்ந்த கானாப் பாட்டும், இறுதி ஊர்வலத்தின் முன் முழங்கும் பறையும் அதனையே செய்வன. கூத்திசையின் அடி பெரும்பாலும் மும்மூன்றாய்ப் பிரியும் திஸ்ர நடையாதலின், அசையாது நிற்பார் அரியர்.

இவ்விசையை ராக் இசையுடன் சேர்த்த குழுவைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்திற் பிறந்த திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மா அவர்களும் 2017-இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவை அமைத்தனர். பத்தொன்பதின்மர் கொண்ட அக்குழு 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிற்று. பறை, சட்டி, டோலக்கு ஆகியன கிதாருடனும் டிரம்ஸுடனும் சரிநிகராய் முழங்கின. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் கருத்தே அதன் பெயருக்கு மூலம். ஆடவர்க்கே உரியதென எண்ணப்பட்ட கானாவை அம்மேடையிற் பாடிய இசைவாணி, 2020-இல் பி.பி.சி. தொகுத்த நூறு பெண்டிர் வரிசையில் இடம்பெற்றார்.

இனி, புதுக்குழு ஒன்றைக் கேட்குங்கால் மூன்று வினாக்களை எழுப்புக. தாளம் எவ்விடத்து விழுகின்றது? அக்கருவி எத்தெருவினின்று வந்தது? பாட்டின் பொருள் தாளத்தோடு இயைகின்றதா? முதல் வினா செவிக்கும், மூன்றாவது அறிவுக்கும் உரியன. இரண்டாவதோ நம் மனச்சான்றுக்குரியது. தெருவிற் பறை முழங்கியபோது சாளரத்தை அடைத்த நாமே, அப்பறை கிதாருடன் மேடையேறியபின் கைகொட்டுகின்றோம். மாறியது இசையா, நாமா?

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரயிலேறும் மாணவர் சிலர் பெட்டிச் சுவரையே முரசாக்கிக் கானா பாடுதலை நாம் கேட்டிருக்கின்றோம். அடுத்த முறை அவ்வொலி எழுங்கால் முகஞ்சுளியாது, தாளத்தை எண்ணிக் கேட்போமாக. நாம் தேடும் புதிய குழு ஒருகால் அப்பெட்டியிலேயே பிறந்துகொண்டிருக்கலாம்.