கூடிக் கற்கப் பயிற்றுதல்

பதினொன்று, பன்னிரண்டு வயதில் உயர்நிலைப் பள்ளியின் கீழ் வகுப்புக்களிற் புகும் சிறுவரை நோக்கி, 'நீங்கள் ஒற்றுமையாய்க் கூடி வேலை செய்யுங்கள்' என்று உபாத்தியாயர் கூறுதல் எளிது. ஐவரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்திவிடுதலும் எளிது. அதன் பின்னர் நிகழ்வது யாது? கெட்டிக்காரன் ஒருவன் எழுதுகோலைக் கையில் எடுத்துக்கொள்வான். அவனுடைய தோழன் அவன் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பான். ஒருவன் பலகணி வழியே காக்கைகளை எண்ணுவான். ஏனைய இருவரும் தமக்குள் வம்பளப்பர். வேலை முடிந்துவிடும், மதிப்பெண்ணும் ஐவருக்கும் ஒப்பக் கிடைக்கும். கூடி வினை செய்தல் என்னும் கலையை மட்டும் அவருள் ஒருவரும் கற்றிரார். அதனைக் கற்பிக்கும் வழி யாதென்பதையே நாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பலர் கூடியவிடத்து ஒவ்வொருவர் முயற்சியும் குறைதல் அளந்து கண்ட உண்மையாகும். மாக்ஸ் ரிங்கெல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியல் அறிஞர், ஆட்களைக் கயிறிழுக்கச் செய்து தாம் கண்டவற்றை 1913-இல் வெளியிட்டார். அவர் தந்த கணக்கின்படி, எண்மர் சேர்ந்து இழுக்கும் வலிமை, அவர்கள் தனித்தனியே இழுக்கும் வலிமையின் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதியே. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காமை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை 1979-இல் பிப் லாட்டானே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் வெளிப்படுத்தினர். மாணாக்கரைக் கைதட்டவும் உரக்கக் கூவவும் செய்து அளந்தபோது, தம்மோடு பிறரும் கூவுகின்றனர் என்று நம்பியவர்கள் தம் குரலைத் தணித்துக்கொண்டனர். 1981-இல் அவர்களே வேறொன்றும் கண்டனர்: ஒவ்வொருவர் குரலும் தனித்து அளக்கப்படும் என்று அறிவித்தவுடன் அச்சோம்பல் நீங்கிவிட்டது. ஆகவே, சோம்பல் சிறுவனுடைய குணத்தைவிட, நாம் அவனுக்குப் பணியை அமைத்துத் தரும் முறையையே பெரிதும் பற்றியதென்று கொள்ளலாம்.

இவ்வமைப்பைத் திருத்திய ஒரு முயற்சி விரிவாகக் கூறத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில், 1971-இல், அதுகாறும் பிரிந்து கற்ற வெள்ளையர், நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பினத்தவர், மெக்ஸிக்க மரபினர் ஆகிய மூவகைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் அமர நேர்ந்தது. பள்ளிகளிற் கைகலப்பு மலிந்தது. கல்வியதிகாரிகள் டெக்ஸாஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் எலியட் அரன்ஸனை உதவிக்கு அழைத்தனர். அவரும் அவருடைய மாணாக்கரும் முதலில் அறிவுரை எதுவும் கூறாமல் வகுப்புக்களின் பின்புறத்தில் அமர்ந்து நோக்கினர். ஆசிரியர் ஒரு வினா விடுக்கின்றார், சில கைகள் உயர்கின்றன, ஒருவன் அழைக்கப்படுகின்றான், மற்றவர்க்கு ஏமாற்றம். அவன் விடை பிழைத்தாலோ அவர்களுக்கு மகிழ்ச்சி! குறைந்த வசதியுள்ள பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் இப்போட்டியில் தோற்பது முன்னரே உறுதி. ஒருவன் வெற்றி மற்றொருவன் தோல்வியாகும் இடத்தில் நட்பு எங்ஙனம் முளைக்கும்?

அரன்ஸன் பாடத்தையே துண்டாக்கினார். அறுவர் கொண்ட குழுவுக்கு எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் வரலாறு பாடமாயின், அதனை ஆறு பகுதியாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தனர். வேறு குழுக்களில் அதே பகுதியைப் பெற்றவர்கள் ஓரிடத்திற் கூடித் தத்தம் ஐயம் தெளிந்து, பின் தம் குழுவுக்கு மீண்டு பிறர்க்கு உரைத்தனர். சோதனை முழு வரலாற்றின்மீதும் வரும்; எழுதுவது தனித்தனியே. வெட்டிய படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டின் பெயரே இம்முறைக்கும் வழங்கலாயிற்று.

ஒரு குழுவில் ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுவன் ஒருவன் இருந்தான். தன் பகுதியைச் சொல்ல வாயெடுத்தவன் தடுமாறினான். உடனிருந்தோர் பழைய வழக்கப்படி எள்ளி நகைத்தனர். அருகிருந்த உதவியாளர் அவர்களைக் கடிந்திலர். அவ்வாறு நகைப்பது உங்களுக்கு இன்பமாகலாம். ஆயினும் இன்னும் சிறிது நேரத்தில் வரும் சோதனைக்கு அவன் அறிந்த பகுதி உங்களுக்கு உதவாது போமே என்று நினைவூட்டினார். அவ்வளவே. சில நாட்களில் அப்பிள்ளைகள் அவனிடம் நயமாக வினவக் கற்றனர். வினவ வினவ அவன் தெளிவாக உரைக்கலானான். இவன் நாம் எண்ணியபடி மந்தனல்லன் என்று அவர்களும் கண்டனர். எட்டு வாரங்களின் பின் இம்முறையிற் கற்றோர் தம் குழுவினரை முன்னினும் விரும்பினர். சிறுபான்மைப் பிள்ளைகள் சோதனையில் முன்னேறினர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு நட்டம் யாதுமில்லை. இவ்வரலாறு 1978-இல் நூலாகவும் வந்தது.

மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று என்பார் உளர். உண்மையே, நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை யார் அறியார்? சென்னை அனாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியோர்க்குக் கற்பிக்கும் முறையை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட, அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது. ஆயினும் சட்டாம்பிள்ளை கொடுப்பவன் மட்டுமே, பெறுபவன் அல்லன். பிரம்பும் அவன் கையில்! இங்கோ ஒவ்வொருவனும் ஒருமுறை ஆசானாகி, பலமுறை மாணாக்கனாகின்றான்.

இதனைக் கைக்கொள்ள விழையும் ஆசிரியர், பாடத்தைத் தெரிந்தெடுப்பதிற் கருத்தூன்றல் வேண்டும். லூயி பாஸ்டரின் வரலாறு இதற்கு நன்கு பொருந்தும். அவர் இளமை, புளித்தல் பற்றிய ஆராய்ச்சி, பட்டுப்புழு நோய், 1881-இல் ஆடுகளுக்கு இட்ட அடைப்பான் தடுப்பூசி, 1885-இல் வெறிநாய்க்கடிக்குக் கண்ட சிகிச்சை என ஐந்தும் தனித்தனியே விளங்கத்தக்கன. கணிதத்தில், முன்படி அறியாது பின்படி விளங்காத பாடங்களை இவ்வாறு துண்டாடுதல் பெருந்தவறு என்பது எம் கருத்து. குழுக்களை ஆசிரியரே வகுத்தல் நலம். சிறுவரிடம் விட்டால் ஒரு தெருவார் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவர். வாசிக்கத் தடுமாறுபவன் தன் பகுதியை முதல்நாளே பெறுவானாக. வாயாடியைத் தலைவனாக்கி, எல்லாரையும் பேசவைக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்புவித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றினும் கடினமானது ஆசிரியர் வாய் மூடியிருத்தல். ஒரு குழுவிற் பிழையான செய்தி சொல்லப்படுவது காதில் விழும்போது உடனே திருத்த நா துடிக்கும். அங்ஙனம் திருத்தினால் அடுத்த முறை ஐந்து முகங்களும் ஆசிரியரை நோக்கியே திரும்பும். அக்குழுவின் தலைவனை மெல்ல அழைத்து, இன்ன செய்தியை மறுபடியும் கேட்டுப் பார் என்று கூறி, அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடல் வேண்டும்.