ஏதுவுக்கு மூன்று சோதனை

ஒரு சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடுதலும், கேட்டவுடன் மறுத்துவிடுதலும் ஆராயாமையேயாகும். ஆராய்வதற்குப் பெரும்படிப்பு வேண்டுமென்று அஞ்சுவோர் பலர். நாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆலைவேலை முடிந்த இரவுகளில் எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஆதலின், எளியோர்க்கும் கைவரக்கூடிய ஒரு கருவியையே இன்று பாடமாகக் கொள்வோம்.

பௌத்த அளவைநூல் ஆசிரியராகிய திக்நாகர் ஏறத்தாழ 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். காஞ்சிக்கு அருகே பிறந்தவரென்று மரபு கூறும். ஏது, அஃதாவது ஒரு முடிவுக்கு நாம் காட்டும் காரணம், மூன்று இலக்கணங்களும் பொருந்தினாலன்றிச் செல்லாது என்பது அவர் நிலைநாட்டிய முறை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவையும் இந்நெறியையே தழுவியது.

‘இம்மலையில் நெருப்பு உண்டு, புகை தோன்றுவதால்’ என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம்.

முதற்சோதனை: ஏது அவ்விடத்தில் மெய்யாகவே உளதா? மலைமேல் தெரிவது புகைதானா, பனிமூட்டமா?

இரண்டாம் சோதனை: ஒத்த இடத்தில் அது காணப்படுகிறதா? அடுக்களையில் நெருப்பும் புகையும் சேர்ந்திருத்தலைக் காண்கிறோம். இவ்வொத்த இடம் சபக்கம் எனப்படும்.

மூன்றாம் சோதனை: நெருப்பில்லாத இடத்தில் ஏதுவும் இல்லாதிருக்கிறதா? ஏரிநீரில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. இது விபக்கம் எனப்படும்.

புகைக்குப் பதிலாக, ‘வெளிச்சம் தோன்றுவதால் நெருப்பு உண்டு’ என்றால் என்னாகும்? அடுக்களை நெருப்பிலும் வெளிச்சம் உண்டு. இரண்டாம் சோதனையில் தேறிவிடும். ஆனால் நெருப்பில்லாத மின்விளக்கிலும் வெளிச்சம் உண்டே! மூன்றாவதில் அவ்வேது வீழ்கிறது. மக்களிற் பெரும்பாலோர் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றனர். தம் கருத்துக்கு ஒத்தவற்றை நூறு எண்ணுவர். ஒவ்வாத ஒன்றைத் தேடிச் செல்லார்.

இதனால் விளையும் தீங்கை நாம் கண்ணாற் கண்டோம். 1993-ஆம் ஆண்டில் நாம் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் உழைத்து வந்தோம். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவருடைய ரிங் பிரேமில் இழை ஓயாது அறுந்தது. ‘அவன் கைராசி அப்படி’ என்று பேச்செழுந்தது. அவரை நீக்கிவிடுமாறு மேஸ்திரியிடம் சிலர் சொல்லினர். நாமும் அப்பேச்சை நம்பி, அவரோடு அமர்ந்து உண்பதை விட்டோம்.

எழுத்தறியாத முதிய தொழிலாளி ஒருவர் மட்டும், ‘மூன்று நாள் ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்’ என்றார். அவ்வாறே மாற்றினர். இளைஞர் வேறு பிரேமில் நின்றார். அங்கே இழை வழக்கத்திற்கு மேல் அறவில்லை. அவருடைய பழைய பிரேமில் கைதேர்ந்தவர் ஒருவர் நின்றார். அங்கே முன்போலவே அறுந்தது. அவர் இருந்த இடத்தில் குறை இல்லை. அவர் இல்லாத இடத்தில் குறை இருந்தது. பின்னர்ப் பார்த்தால், அப்பிரேமின் அருகே சாளரக் கண்ணாடி உடைந்து, வறண்ட காற்று நேரே இழைமேல் வீசிக்கொண்டிருந்தது. அதை அடைத்தபின் அறுதல் குறைந்தது. இளைஞரின் பிழைப்பும் நிலைத்தது.

பல்லாண்டு கழித்து அக்காதையைப் படித்தபோது, அம்முதியவர் செய்தது இன்னதென்று உணர்ந்தோம். நம் செயலை எண்ணி நாணினோம்.

ஆகவே அன்பர்களே! ஒருவர்மேல் பழி கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். சொல்லப்படும் காரணம் மெய்யாக உளதா? அது உள்ள பிற இடங்களிலும் அவ்விளைவு உண்டா? அது இல்லாத இடத்தில் அவ்விளைவும் இல்லையா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நாவை அடக்குவோம். இன்றிரவே, நாம் ஐயுறும் ஒருவரை நினைந்து இப்பாடத்தைத் தொடங்குவோமாக.